உறுதியும் நாணயமும்: வேலை தேடும் வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள்

(நமது ஜமாஅத் கல்விக் குழு நடத்திய வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது பற்றிப் பள்ளிவாசலில் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் யாசகம் கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் விசாரித்தார்கள். ஒரு முரட்டுப் போர்வையும் தண்ணீர் அருந்தும் ஒரு கிண்ணமும் மட்டுமே இருந்தன. அவ்விரண்டையும் கொண்டுவரச் செய்து, சபையிலேயே ஏலமிட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு வாங்கச் சொன்னார்கள். மற்றொன்றுக்குக் கோடரி வாங்கி வரச் சொல்லித் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்ற அந்த மனிதர் பதினைந்து நாள் கழித்துப் பத்துத் திர்ஹம் சம்பாதித்தவராக வந்து நின்றார். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது. கோடரிக்குக் காம்பு பொருத்திக் கொடுப்பது நபிவழி என்றால், படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக் கொடுப்பதும் அந்த வழியைச் சார்ந்ததே.

விண்ணப்பிக்காமலே தோற்பவர்கள்

அன்பர்களே! "நம் பெயரைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுவார்கள், விண்ணப்பித்து என்ன பயன்?" என்ற பேச்சு நம் தெருக்களில் அடிக்கடி கேட்கிறது. பாரபட்சமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2005-இல் அமைக்கப்பட்ட நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006 நவம்பரில் தன் அறிக்கையை அளித்தது. ஐ.ஏ.எஸ். பணியில் முஸ்லிம்கள் 3 சதவீதமே என்ற கணக்கை நாம் மேடைதோறும் பேசினோம். அதே அறிக்கையில் உள்ள இன்னொரு செய்தியை அவ்வளவாகப் பேசவில்லை. 2003, 2004 ஆண்டுகளில் குடிமைப் பணி எழுத்துத் தேர்வுக்கு வந்தவர்களில் முஸ்லிம்கள் 4.9 சதவீதம் மட்டுமே. அப்போது மக்கள் தொகையில் நம் பங்கு 13.4 சதவீதம். ஆனால் தேர்வுக்கு வந்தவர்களின் வெற்றி விகிதமோ ஏறத்தாழ மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தது. அதாவது, அந்தத் தேர்வில் நாம் பெரிதும் குறைந்தது உள்ளே நுழைந்த பின்னர் அல்ல, வாசலுக்கே போகாததால்தான்.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கியது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. அதில் நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடுமே தீர்மானிக்கின்றன. பெயர் பார்த்து ஒதுக்க அங்கே வழியில்லை. அப்படியிருந்தும் நம் தெருவிலிருந்து எத்தனை பேர் எழுதுகிறோம்? ஒவ்வொரு வீட்டாரும் தம் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

தகுதியைச் சொல்வது தற்பெருமையா?

மார்க்கப் பற்றுள்ள பிள்ளைகள் சிலருக்கு ஒரு தயக்கம் உண்டு. தன் சிறப்பைத் தானே எழுதுவது பெருமையாகாதா? பதவியைக் கேட்டுப் பெறக்கூடாது என்று ஹதீஸ் இருக்கிறதே? ஆம், அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே அறிவுரை கூறினார்கள். அது ஆட்சி அதிகாரத்தின் மீதுள்ள ஆசையைப் பற்றியது. மறுபுறம் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். பஞ்சம் வரப்போகிறது, களஞ்சியத்தைக் காக்கும் திறமை தம்மிடம் இருக்கிறது. மிஸ்ரு நாட்டு மன்னரிடம் அப்பொறுப்பைத் தாமே கேட்டார்கள். தாம் பாதுகாக்கத் தெரிந்தவர், விவரம் அறிந்தவர் என்ற இரண்டு தகுதிகளையும் தெளிவாக எடுத்துரைத்தார்கள் (12:55). தம் அழகையோ, தம் கொள்ளுப்பாட்டனார் இப்ராஹீம் (அலை) அவர்களின் வம்சச் சிறப்பையோ அங்கே எடுத்துக்காட்டவில்லை. அந்த வேலைக்கு எது தேவையோ அதை மட்டுமே சொன்னார்கள். நல்ல விண்ணப்பத்தின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுமாறு அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் பரிந்துரைத்தபோதும் இரண்டு குணங்களையே சொன்னார்: வலிமை, நம்பகத்தன்மை (28:26). முதலாவது வேலையைச் செய்யும் திறமை, இரண்டாவது நாணயம். இன்றும் எந்த முதலாளியும் எந்த நிறுவனமும் இவ்விரண்டைத்தான் தேடுகின்றன. ஆகவே, "என் உறுதி எதில் தெரிகிறது? என் நாணயம் எதில் தெரிகிறது?" என்ற இரண்டு கேள்விகளை முன்வைத்து விண்ணப்பத்தை எழுதுங்கள்.

விண்ணப்பம் எழுதும் முறை

ஒரே தற்குறிப்பை நூறு பிரதி எடுத்து நூறு இடத்துக்கு அனுப்பாதீர்கள். விளம்பரத்தை இருமுறை படியுங்கள். அவர்கள் கேட்கும் தகுதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடமுள்ள ஆதாரத்தை எழுதுங்கள். எது அவர்களுக்கு முக்கியமோ அதுவே தற்குறிப்பின் மேற்பகுதியில் வரட்டும். புதிதாக வேலைக்குச் செல்பவருக்கு ஒரு பக்கம் போதும்.

"கடின உழைப்பாளி; குழுவாகப் பணியாற்றுவேன்" என்று எல்லோருமே எழுதுகிறார்கள். படிப்பவர் மனத்தில் அது நிற்பதில்லை. "கல்லூரி நாட்களில் மாலை வேளையில் அத்தாவின் மளிகைக் கடையில் இரண்டு ஆண்டுகள் கொள்முதல் கணக்கு எழுதினேன், டேலியில் பதிவு செய்து மாதந்தோறும் ஜி.எஸ்.டி. விவரம் தயாரித்தேன்" என்று எழுதினால் அதில் திறமையும் தெரியும், நம்பிக்கையும் தெரியும். கடையில் நின்றதை இழிவாக எண்ணி மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேண்டாம். தாவூத் (அலை) கவசம் செய்தவர்கள். ஸகரிய்யா (அலை) தச்சுத் தொழில் செய்தவர்கள். வீட்டிலிருந்தே தையல், ட்யூஷன் என்று நடத்தும் நம் சகோதரிகளும் அதனை அனுபவமாகவே எழுதலாம்: எத்தனை மாணவர்கள், எத்தனை ஆண்டுகள் என்ற எண்ணிக்கையுடன்.

அடுத்தது, நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கல்: பெயர். முஹம்மது என்ற பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாக, ஆதாரில் வேறு விதமாக, கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் தந்தை பெயரே முழுமையாக. வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் இது பெரும் தடையாகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றை இப்போதே சரி செய்யுங்கள். தாய்மார்களே, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள்.

அதேபோல், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற சாதிச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக முன்கூட்டியே பெற்று வையுங்கள். மத்திய அரசுப் பணிகளுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனிப் படிவத்தில் தேவைப்படும்; மாநிலச் சான்றிதழே போதும் என்று இருந்துவிடாதீர்கள். கடைசித் தேதியன்று இரவு இணையத்தின் முன் அமர்ந்து தவிப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஈரத் தானியம்

மிகவும் வருத்தத்துடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை செய்யாத நிறுவனத்தில் மூன்றாண்டு அனுபவம் என்று சான்றிதழ் விலைக்கு வாங்கும் வழக்கம் வாலிபர்களிடையே பரவியிருக்கிறது. "எல்லோரும் செய்கிறார்கள் ஹஜ்ரத்" என்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மேலே பளபளப்பும் உள்ளே பொய்யுமாக இருக்கும் தற்குறிப்பு அந்தத் தானியக் குவியலேயன்றி வேறில்லை. பின்னணி விசாரணையில் பிடிபட்டால் வேலை போவதோடு நிற்பதில்லை. அடுத்து அதே நிறுவனத்துக்குச் செல்லும் நம் பிள்ளையின் நேர்மையும் சந்தேகிக்கப்படும்.

பரிந்துரைக் கடிதம் தரும் பெரியவர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள், நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவருடன் பணம் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா, பயணம் செய்திருக்கிறீரா என்று வினவினார்கள். எதுவுமில்லை என்றதும், அப்படியானால் அவரை உமக்குத் தெரியாது என்று திருப்பியனுப்பினார்கள். தெரிந்த பிள்ளைக்கு மனமுவந்து எழுதுங்கள். தெரியாதவருக்கு முகதாட்சண்யத்துக்காக எழுதாதீர்கள்.

நேர்முகத் தேர்வு

இஸ்லாமிய வரலாற்றில் நேர்காணலுக்கு மிகச் சிறந்த முன்மாதிரி ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள். மக்காவில் கொடுமை தாங்காமல் அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்பக் கோரி, குறைஷிகள் அன்பளிப்புகளுடன் இருவரை அனுப்பினார்கள். மன்னர் நஜ்ஜாஷி முஸ்லிம்களை அழைத்தார். உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் அந்த நிகழ்ச்சியில் கற்க வேண்டியவை பல உண்டு.

முதலாவது, சபைக்குச் செல்லுமுன் அவர்கள் கூடிக் கலந்து பேசினார்கள். என்ன நேர்ந்தாலும் உண்மையையே சொல்வது என்று முடிவெடுத்தார்கள். இரண்டாவது, ஜஅஃபர் (ரலி) ஒழுங்காகப் பேசினார்கள்: நாங்கள் முன்பு எப்படி இருந்தோம், எங்களிடம் தூதர் என்ன கொண்டுவந்தார், ஏன் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்தோம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். எங்கிருந்து வந்தேன், என்ன கற்றேன், ஏன் இந்த நிறுவனத்துக்கு வந்தேன் என்று மூன்று பகுதியாக இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். மூன்றாவது, ஓதிக்காட்டச் சொன்னபோது, கிறிஸ்தவ மன்னருக்கு முன் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார்கள். கேட்பவர் யார் என்று அறிந்திருந்தார்கள். அந்த நிறுவனம் என்ன செய்கிறது, எந்த ஊர்களில் இயங்குகிறது என்பதை முன்பே படித்துச் செல்லுங்கள். நான்காவது, மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிச் சிக்கலான கேள்வி வந்தபோது, மன்னரை மகிழ்விக்க எதையும் மாற்றிச் சொல்லவில்லை. மரியாதை குறையாமல் உண்மையைச் சொன்னார்கள். மன்னர் அவர்களுக்குப் பாதுகாப்பளித்தார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32 கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதிலளித்தார்கள். "இதை நான் அறியவில்லை, கற்றுக்கொள்வேன்" என்பது அவமானமல்ல.

தாடியும் ஹிஜாபும் வேலைக்குத் தடையாகுமே என்று பெற்றோர் கேட்கிறார்கள். அடையாளத்தை மறைத்துக்கொண்டு போனால் மனத்தில் அச்சம் குடியேறும். அச்சத்துடன் பேசுபவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் தாடி சீராக இருக்கட்டும். ஆடை தூய்மையாகவும் தேய்த்தும் இருக்கட்டும். வாயில் புகையிலை வாடை வேண்டாம். ஜும்ஆ நேரத்தில் நேர்காணல் வைத்தால், நாள் குறிக்கும்போதே பணிவுடன் வேறு நேரம் கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேர அனுமதியைப் பற்றி, வேலை உறுதியான பின் சேருமுன் பேசிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் தடுமாறுமே என்ற பயமுள்ளவர்களுக்கு மூஸா (அலை) அவர்களின் துஆவே ஆறுதல் (20:25-28). நெஞ்சம் விரியவும், காரியம் எளிதாகவும், நாவின் முடிச்சு அவிழவும் வேண்டினார்கள். ஓதிவிட்டுப் பயிற்சியும் செய்யுங்கள். வீட்டில் ஒருவரை எதிரே அமரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.

சேருமுன்

மத்யன் பெரியவர் மூஸா (அலை) அவர்களிடம் எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து என்று காலத்தைத் தெளிவாகப் பேசியே ஒப்பந்தம் செய்தார்கள். நம் பிள்ளைகளோ, குறிப்பாக வளைகுடா செல்பவர்கள், ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். என்ன வேலை, என்ன சம்பளம், உணவும் இருப்பிடமும் யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இருக்கட்டும். வேலைக்கென்று சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்பவரிடம் பணத்தையும் பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள்.

கண்ணியமிக்க பெரியோர்களே! உங்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி அலுவலர்கள், அரசு ஊழியர்கள் இருக்கிறீர்கள். வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் மதரஸா கூடத்தில் அமர்ந்து, நான்கு பிள்ளைகளின் விண்ணப்பத்தைத் திருத்தி, நான்கு பேரிடம் கேள்வி கேட்டுப் பழக்குங்கள். ஜமாஅத்துக்கு இதில் செலவு ஏதுமில்லை. உங்கள் நேரம்தான் அந்தக் கோடரியின் காம்பு.

வாலிபர்களே! பத்து இடத்தில் மறுத்தால் மனம் தளராதீர்கள். மறுத்தவரிடம் உங்கள் ரிஸ்க் இல்லை. அது ரஸ்ஸாக்கிடம் இருக்கிறது. முயற்சி செய்வது நம் மீதுள்ள கடமை. எங்கே குறைந்தோம் என்று யோசித்து, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எழுதுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உறுதியையும் நாணயத்தையும், ஹலாலான, விசாலமான ரிஸ்க்கையும் தந்தருள்வானாக! யாரிடமும் கையேந்தாத, பிறருக்குக் கொடுக்கும் சமுதாயமாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.