அந்தக் கைம்பெண் கேட்டது நீதி

(ஞாயிறு காலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு. வாசகங்கள்: விடுதலைப் பயணம் 17:8-13, லூக்கா 18:1-8)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு ஒரு கைம்பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். ஒரு நகரிலே ஒரு நடுவர் இருக்கிறார். கடவுள் பயம் அவருக்கு இல்லை, ஊர் என்ன சொல்லும் என்ற கவலையும் இல்லை. இந்தக் கைம்பெண் அவருடைய வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போகிறாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவளுடைய தொல்லை தாங்காமல் அவள் கேட்டதைச் செய்ய இணங்குகிறார். மனந்தளராமல் செபிக்கவேண்டும் என்பதற்காக இயேசு சொன்ன உவமை இது என்று லூக்கா முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

நாம் பல தடவை கேட்ட உவமைதான். ஆனால் அந்தப் பெண் என்ன கேட்டாள் என்பதை நாம் கவனித்தோமா? அவள் பிச்சை கேட்கவில்லை. கைம்பெண்கள் பசியோடு கிடக்கக்கூடாது என்று மோசேயின் சட்டத்திலேயே ஏற்பாடு உண்டு. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை அவர்களுக்காக விட்டுவிட வேண்டும், ஒலிவ மரத்தில் எஞ்சியதை அவர்களுக்கு விட வேண்டும். ஆகவே உணவு கேட்க அவள் நடுவரிடம் போக வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது. அவளுக்கு அநியாயம் செய்த ஒருவன் இருந்தான். அவள் கேட்டது நீதி.

அன்பார்ந்தவர்களே, போரினால் அடிபட்ட எங்கள் வடபகுதியில் குருக்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு சொல் உண்டு. "சுவாமிமார் அரிசி குடுக்கலாம், தறப்பாள் குடுக்கலாம். அரசியல் கதைக்கக் கூடாது." இதை அதிகாரிகள் மட்டும் சொல்வதில்லை. நம்முடைய மக்களும் சொல்கிறார்கள், சில வேளைகளில் நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம். அரிசி வேறு, அரசியல் வேறு என்று அப்படிப் பிரிக்க முடியுமா என்று இன்று சற்றுச் சிந்திப்போம்.

2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தை வன்னி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. கிளிநொச்சியில் அவர்களுடைய அலுவலக வாசலில் மக்கள் கூடி நின்று, "போகாதேங்கோ, எங்களை விட்டிட்டுப் போகாதேங்கோ" என்று கெஞ்சினார்கள். அவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வன்னியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்வி வந்தது. 2009இன் தொடக்கத்தில் 70,000 பேர் வரையில்தான் என்று அரசாங்கத் தரப்பில் சொல்லப்பட்டது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே 280,000 பேருக்கு மேல். நாம் யோசித்துப் பார்ப்போம். 70,000 பேர் என்று கணக்குப் பார்த்தால் அரிசியும் பால்மாவும் மருந்தும் 70,000 பேருக்குத்தான் போகும். மற்றவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? ஓர் அரிசி மூடை ஏறுவதற்கு முன்பே அதன் அளவை ஓர் அரசியல் முடிவு தீர்மானித்துவிட்டது. அந்த நாட்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற எந்தத் தாயிடமும் அரிசி வேறு அரசியல் வேறு என்று நாம் சொல்ல முடியாது.

நமது மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த மேதகு இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில் மன்னாரில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். அது அவர் கற்பனை செய்த கணக்கல்ல, அரசாங்கத்தின் கச்சேரிக் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். கணக்குப் பிழை என்றால் திருத்துங்கள், அந்த மக்கள் எங்கே என்று சொல்லுங்கள் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி ஆண்டகை இறைவனடி சேர்ந்தார். மனநிறைவான பதில் ஒன்று கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார்.

நீதியைப் பற்றிப் பேசும் வாய் முதலில் தன் பாவத்தையும் அறிக்கையிட வேண்டும். வன்னியின் கடைசி மாதங்களில் வெளியேற முயன்ற எங்கள் மக்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டார்கள். தாயின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்ப் போர்முனையில் நிறுத்தினார்கள். இதையும் நாம் சொல்லாவிட்டால் நம்முடைய நீதி ஒரு கண் குருடான நீதி.

இன்னொன்றும் உண்டு. இது ஒக்டோபர் மாதம். 1990ஆம் ஆண்டு இதே மாதத்தின் கடைசி நாட்களில் மன்னார்த் தீவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வடக்கின் மற்றப் பகுதிகளிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் புலிகளால் துரத்தப்பட்டார்கள். நம்மோடு ஒரே கடலில் தொழில் செய்தவர்கள், ஒரே சந்தையில் விற்றவர்கள். சிலர் அவர்களுக்காகப் போய் மன்றாடினார்கள் என்பது உண்மை. ஆனால் நம்மில் பெரும்பாலானோர் வாய்திறக்காமல் நின்றோம். பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. திரும்பி வருகிறவர்களைப் பார்த்து, "இப்ப ஏன் வருகினம்?" என்று கேட்கும் வாய் இன்னும் நம்மிடையே இருக்கிறது. நம்முடைய காணியை விடுங்கள் என்று கடற்படையிடம் கேட்கிற நாம், அவர்களுடைய காணியைப் பற்றி என்ன சொல்கிறோம்?

காணி என்று சொன்னதும் இரணைதீவு மக்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1992இல் அந்தத் தீவை விட்டு வந்தவர்கள். கரையில் இரணைமாதா நகரில் அவர்களுக்குக் குடியிருக்க இடம் கிடைத்தது. நிவாரணமும் கிடைத்தது. பசியைப் பற்றி மட்டும் பேசுவதானால் அவர்களுடைய பிரச்சினை முடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அவர்களுடைய தென்னை மரங்களும் கிணறுகளும் பெற்றோரின் கல்லறைகளும் கோவிலும் கடலுக்கு அப்பால் இருந்தன. 2017 மே முதலாம் திகதி அவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் கரையில் இருந்து பார்த்தார்கள். பிறகு 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, வள்ளங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாங்களே தீவுக்குப் போய் இறங்கினார்கள். அவர்கள் கையில் எந்த ஆயுதமும் இல்லை. இடிந்த கோவிலிலே செபித்தார்கள். அந்தக் கைம்பெண் நடுவரின் வாசலில் நின்றதுபோலவே நின்றார்கள். இன்று அந்தத் தீவில் மீண்டும் அடுப்பு எரிகிறது என்றால், அவர்கள் சலிக்காமல் கேட்டதுதான் காரணம்.

ஆனால் எல்லா வாசலும் திறக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்தார்கள். இப்போது 3,000 நாட்களைத் தாண்டிவிட்டது. கையில் பிள்ளையின் படத்தோடு இருந்த பல தாய்மார் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். எங்கள் குருக்களுக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. 2006 ஆகஸ்ட் 20ஆம் திகதி அல்லைப்பிட்டியில் ஜிம்பிறவுன் அடிகளாரும் அவரோடு போன விமலனும் காணாமற்போனார்கள். 2009 மே 18ஆம் திகதி சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் திரும்பி வரவில்லை. 2025ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் செம்மணியில் மண்ணைத் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறுபிள்ளைகளின் எலும்புகளும் அவற்றுள் இருந்தன. ஒரு பாடசாலைப் பையும் இருந்தது.

இங்கே எங்களுடைய ஒரு குற்றத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பங்கிலே ஓர் அம்மா இருக்கிறா. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசைக்குத் தவறாமல் கருத்து எழுதுவிப்பா. எங்கள் கருத்துப் புத்தகத்தில் நன்றிக்கு ஒரு பக்கம், நோயாளருக்கு ஒரு பக்கம், இறந்தோருக்கு ஒரு பக்கம். அவவுடைய மகனுக்குப் பக்கம் இல்லை. "எதில எழுதிறது?" என்று சங்கிலித்தார் கேட்டால், "ஓரத்தில எழுதுங்கோ தம்பி" என்பா. ஒரு நவம்பர் மாதம், இறந்த விசுவாசிகளின் நினைவு நாளில், அவசரத்திலே அந்தப் பெயரை இறந்தோரின் பெயர்களோடு சேர்த்து வாசித்துவிட்டோம். பூசை முடிந்ததும் அந்த அம்மா வந்து கோபிக்கவில்லை, அழவில்லை. "சுவாமி, ஆமிக்காரர் சொல்லேல்லை, அரசாங்கம் சொல்லேல்லை. நீங்கள் எப்பிடிச் சொன்னீங்கள்?" என்று மட்டும் கேட்டா.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. மரணச் சான்றிதழை வாங்கிக்கொள், வரும் பணத்தை வாங்கிக்கொள், மற்றப் பிள்ளைகளைப் பார் என்று அயலவர்கள் அவவுக்குப் புத்தி சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். வறுமையினாலே அப்படி வாங்கிக்கொண்டவர்களை நாம் குறைசொல்லவும் கூடாது, அது அவர்களுடைய உரிமை. ஆனால் மகன் உயிரோடு இருக்கிறானா, இல்லையென்றால் எங்கே, எப்படி, யாரால் என்று தெரியாமல் ஒரு கையொப்பம் போட அந்தத் தாயை வற்புறுத்த நமக்கு அதிகாரம் இல்லை. பெற்ற வயிற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

இது அரசியல் என்று இன்னும் யாராவது நினைத்தால், 2019 ஏப்ரல் 21ஆம் திகதியை நினைத்துப் பார்ப்போம். உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அன்று முதல் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, நட்டஈடு மட்டும் போதாது, உண்மை வேண்டும் என்று கேட்டு வருகிறார். அது சரியான கேள்வி. நாமும் இங்கே அதற்காகச் செபித்தோம், மெழுகுதிரி ஏற்றினோம். கட்டுவாப்பிட்டித் தாய் உண்மையைக் கேட்பது நம் விசுவாசம் என்றால், கிளிநொச்சித் தாய் கேட்பதும் நம் விசுவாசம்தான். இரண்டு கண்ணீருக்கும் ஒரே உப்புத்தான். நம் சிங்களச் சகோதரர்களிடம் இதைப் பணிவோடும் அன்போடும் சொல்ல வேண்டியது நமது கடமை.

முதல் வாசகத்தில் மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தி நிற்கிறார். அது ஒரு போரைப் பற்றிய வாசகம். நாம் போரைக் கண்டவர்கள், இனியொரு போர் எந்தத் தாய்க்கும் வேண்டாம். ஆனால் அந்த மலையிலே நடந்த இன்னொன்றைப் பார்ப்போம். மோசேயின் கைகள் சோர்ந்தன. அவருடைய விசுவாசம் குறைந்துபோகவில்லை, கைதான் வலித்தது. ஆரோனும் கூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, இரு பக்கமும் நின்று, சூரியன் மறையும்வரை அந்தக் கைகளைத் தாங்கினார்கள். மனந்தளராமல் செபியுங்கள் என்று அந்தத் தாய்மாருக்குப் பிரசங்கம் செய்ய நாம் யார்? நமக்குத்தான் அவர்கள் அதைக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நம்முடைய வேலை கல்லைக் கொண்டுவருவதும் கையைத் தாங்குவதும்.

ஆகவே எங்கள் பங்கில் மூன்று காரியங்களைச் செய்ய முடிவு செய்திருக்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் மற்றப் பங்குகளும் முடிந்தால் செய்யலாம். முதலாவது, கருத்துப் புத்தகத்தில் இனி ஒரு தனிப் பக்கம் இருக்கும். "நாங்கள் காத்திருப்பவர்கள்" என்று அதற்குத் தலைப்பு. வருகிற நவம்பர் 2ஆம் திகதி இறந்தோரின் பெயர்களை வாசித்து முடித்தபின், மாதா கெபியடியில் வேறாக ஒரு விளக்கேற்றி இந்தப் பெயர்களை வேறாக வாசிப்போம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் யாருடைய பெயரானாலும் கொண்டுவரலாம். இரண்டாவது, ஒவ்வொரு சனிக்கிழமையும் பங்கு மண்டபத்தில் இளைஞர் ஒன்றியப் பிள்ளைகள் இருப்பார்கள். காணி உறுதி தொலைந்தவர்கள், விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் வாருங்கள், எழுதித் தருவார்கள். மூன்றாவது, மாதத்தில் ஒரு நாள் நாங்கள் சிலர் போய் அந்தத் தாய்மாரோடு உட்கார்ந்திருப்போம். பேச்சு எதுவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அந்த அம்மா இந்த முதல் வெள்ளியும் வருவா. இம்முறை அவவுடைய மகனின் பெயரை ஓரத்தில் எழுத வேண்டியிருக்காது.

செபிப்போமாக. நீதியுள்ள தந்தையே, எங்கள் தாய்மாரின் கைகள் சோர்ந்துபோகின்றன. அவற்றைத் தாங்க எங்களுக்குப் பலம் தாரும். உண்மையை அறிந்தவர்களின் வாயைத் திறந்தருளும். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு உமது பயத்தைத் தாரும். எங்களால் துன்புற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். பகை இல்லாமல் நீதியைக் கேட்கவும், கேட்டு ஓயாதிருக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.