மிதவாதியின் பதில்

மிதவாதி என்றாலே பணிந்து போகிறவர் என்று ஒரு நினைப்பு நமக்குள் ஊறிக் கிடக்கிறது. பம்பாய் மாநகராட்சியில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்த காங்கிரஸ் மிதவாதி பெரோஸ்ஷா மேத்தாவைப் பார்த்தால் அது தவறு என்று புரியும். 1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நகர நிர்வாகம் மாமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. காங்கிரசின் தீவிரப் பிரிவினரோ அவரை அரசுக்கு அனுசரணையானவர் என்று சாடினார்கள். ஆனால் 1907-இல் ஆங்கில அதிகாரிகள் சிலர் கூட்டுச் சேர்ந்து, மாநகராட்சித் தேர்தலில் அவரைத் தோற்கடிக்க முனைந்தார்கள். அடங்கிப்போன ஒருவரை வெளியேற்ற யாராவது இவ்வளவு பாடுபடுவார்களா?

மாமன்றமே ஒரு மனிதரின் பிடியில் இருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பம்பாயின் முடிசூடா மன்னர் என்று பெயரெடுத்தவர், மாற்றுக் குரலுக்குத் தாராளமாக இடம் தந்தவர் அல்லர். சூரத்தில் காங்கிரஸ் மிதவாதிகள், தீவிரப் பிரிவினர் என இரண்டாக உடைந்ததில் அவருடைய பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு. இந்தக் குறையை மறைத்து அவரைப் புகழ வேண்டியதில்லை. ஆனாலும் விமரிசனத்துக்கு அவர் வாதத்தால்தான் பதில் சொன்னார். ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தபோது, 1913-இல் இந்தியர் தரப்பைச் சொல்ல ‘பாம்பே கிரானிக்கல்’ நாளிதழைத் தொடங்கினார்.