பிள்ளையின் தட்டில் எத்தனை கிராம்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நீரிழிவு என்றதும் ஐம்பதைக் கடந்தவர்களின் நோய் என்றே நாம் எண்ணுகிறோம். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளுக்கும் வருகின்ற முதல் வகை நீரிழிவு ஒன்று உண்டு. அது இனிப்பை மிகுதியாகத் தின்றதால் வருவதன்று. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. பெற்றோர் மீது இதில் எக்குற்றமும் இல்லை. இந்நோயுள்ள சிறார் உலகிலேயே மிகுதியாக வாழும் நாடு இந்தியா எனச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பு தெரிவிக்கிறது.

இத்தகைய பிள்ளைக்குச் சோற்றைக் குறைத்துப் பட்டினி போடுவது மருத்துவமாகாது. உண்ணும் மாவுச்சத்துக்கு ஏற்ப இன்சுலினைப் பொருத்துவதே இன்றைய முறை. மாவுச்சத்து என்று இங்கே நாம் கூறுவதில் சர்க்கரையும் அடங்கும். 10 கிராமுக்கு 1 யூனிட் என்று மருத்துவர் வரையறுத்திருந்தால், 60 கிராம் உள்ள உணவுக்கு 6 யூனிட். இவ்விகிதம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒரே பிள்ளைக்குக் காலையில் ஒன்றாகவும் இரவில் வேறாகவும் இருக்கும். கணக்குக் குறைந்தால் சர்க்கரை ஏறும். கணக்கு மிஞ்சினால் சர்க்கரை தாழ்ந்து, மயக்கமும் வலிப்பும் வரக்கூடும்.

இதற்காகப் பொற்கொல்லர் தராசு வேண்டுமோ என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 60 கிராம் மாவுச்சத்து உள்ள உணவைக் கொண்டு சோதித்து, 10 கிராம் பிசகினால் பெரிய வேறுபாடு இல்லை என்று 2009இலும், 20 கிராம் பிசகினால் சர்க்கரை அளவு குறிப்பிடத்தக்கவாறு மாறுகிறது என்று 2012இலும் வெளியிட்டார்கள். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆகவே 70 கிராம் சோறு, அதாவது அன்போடு கூடுதலாக வைக்கும் ஓர் அகப்பை, அந்த 20 கிராமை எட்டிவிடும்.

இங்கேதான் கைப்பேசி துணைக்கு வருகிறது. உணவின் பெயரைத் தந்தால் கிராமைக் காட்டும் செயலிகள் உண்டு. தட்டின் படங்களை அளவு வாரியாகக் காட்டி ஒப்பிடச் சொல்லும் 'கார்ப்ஸ் அண்ட் கேல்ஸ்' போன்றவை பிரிட்டனில் புழங்குகின்றன. நாம் எடுக்கும் படத்தைப் பார்த்தே மதிப்பிடுபவையும் வந்துவிட்டன. இளைஞர்கள் இவற்றை விரும்புவதில் வியப்பில்லை. குறிப்பேட்டைத் தூக்கிச் செல்லக் கூச்சப்படும் பிள்ளை கைப்பேசியை மறப்பதில்லை அல்லவா!

ஆயினும் செயலி சொல்வதையெல்லாம் நம்பிவிடலாகாது. பட்டியலில் 'இடியாப்பம் ஒன்று' என்றிருக்கும். அது யார் வீட்டு இடியாப்பம்? தேநீரில் கரைந்த சீனி படத்தில் தெரியாது. நெய்ச்சோற்றின் கொழுப்பு சர்க்கரையைச் சில மணி நேரம் கழித்தே ஏற்றும் என்பதையும் பல செயலிகள் கணக்கில் கொள்வதில்லை. இன்சுலின் அளவையே கணித்துச் சொல்லும் 46 செயலிகளை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்தபோது, அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தவறான அளவைத் தரும் அபாயம் உடையவை என 2015இல் தெரியவந்தது. ஆகவே மாவுச்சத்தை எண்ணுவதற்குக் கைப்பேசியை நாடலாம். ஊசியின் அளவைத் தம் மருத்துவர் ஒப்பிய முறையன்றி வேறெதனிடமும் கேட்கலாகாது என்பது நம் கருத்து.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, நம் வீட்டு அகப்பைச் சோறு எத்தனை கிராம், நம் வீட்டு இடியாப்பம் எத்தனை கிராம் என ஒரு வாரம் நிறுத்து, அக்கணக்கைச் செயலியில் பதிந்துகொண்டால் பிறகு தராசு அடிக்கடி தேவைப்படாது. கைப்பேசிக்கு அனுமதியில்லாத பள்ளிக்கூடம் என்றால், தாயார் ஒரு சீட்டில் கிராமை எழுதி உணவு டப்பாவில் வைத்து அனுப்பலாம்.

கடினமான இடம் நம் விருந்துகள். ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்ணும்போது, ஒரு பிள்ளை எவ்வளவு உண்டது என்பதை எந்தச் செயலியும் சொல்லாது. அதிலும், நோய் வெளியே தெரிந்தால் நாளை சம்பந்தம் தட்டிப்போகும் என்று மறைக்கும் வீடுகள் உண்டு. அப்பிள்ளை நால்வர் முன்னே கைப்பேசியையோ ஊசியையோ எடுக்காது. குத்துமதிப்பாக உண்டுவிட்டு இரவெல்லாம் அவதியுறும். அதே சஹனில் அமரட்டும். அதன் பங்கை மட்டும் முன்பே அளந்து ஒரு சிறு தட்டில் வைப்போம். பந்தி விசாரிப்பவர்கள் 'ஏன், எதற்கு' என்று கேளாதிருந்தால் அதுவே பேருதவி.

இனி, ஜமாஅத்தே செய்யக்கூடிய ஒன்று: நோன்புக் கஞ்சி. அது வீடுதோறும் செல்கிறது. நோன்பு நோற்காத சிறாரும் அருந்துகின்றனர். (நோயுள்ள இளைஞர் நோன்பு நோற்கலாமா என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அவர்களுக்கும் உண்டு.) கஞ்சியின் கணக்கை அறிந்தவர் சமையற்காரர் மட்டுமே. பச்சரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. 10 கிலோ அரிசியில் 7,800 கிராம். அது 300 குவளைக் கஞ்சியானால் குவளைக்கு 26 கிராம். 1 கிலோ பாசிப்பருப்பு சேர்த்தால் குவளைக்கு இன்னும் ஓரிரு கிராம் கூடும்.

அரிசியின் எடையையும் குவளைகளின் எண்ணிக்கையையும் சமையற்காரரிடம் நாள்தோறும் கேட்டு, அஸர் தொழுகைக்குப் பின் அறிவிப்புப் பலகையில் 'இன்றைய கஞ்சி, குவளைக்கு இத்தனை கிராம்' என ஒரு வரி எழுத ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம். பெயரோ வீடோ கேட்க வேண்டியதில்லை, தேவையுள்ளவர் பார்த்துக்கொள்வர்.