நம் உடம்பில் நாம் குடியிருக்கிறோமா?

(நமது பங்கின் ஜூபிலி குடும்ப விழாவில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஜூபிலியை முன்னிட்டு நம் கோயிலுக்கு வர்ணம் பூசிவிட்டோம். சுவர் விரிசல்களை அடைத்துவிட்டோம். பழுதுபார்க்கும் இந்த நல்ல வேளையில், நாம் ஒவ்வொருவரும் பிறந்த நாள் முதல் குடியிருக்கிற இன்னொரு கட்டடத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "உடல்நலம் பற்றி ஏதாவது சொல்லுங்கள், சிஸ்டர்" என்றுதான் விழாக் குழுவினர் கேட்டார்கள். (நர்சையும் சிஸ்டர் என்கிறோம், கன்னியரையும் சிஸ்டர் என்கிறோம், இதனால் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல!) சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று பேசுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் கேட்க வந்தது வேறு. நம் உடம்பில் நாம் உண்மையிலேயே குடியிருக்கிறோமா? அல்லது வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனவர்கள்போல இருக்கிறோமா?

ராசிபுரம் தாண்டி நாமக்கல் போகும்போது, கிழக்கே நீலமாகத் தெரிகிறதே கொல்லிமலை, அங்கே 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஓர் ஆங்கிலக் குழந்தை பிறந்தது. பால் பிராண்ட் என்று பெயர். பெற்றோர் சீர்திருத்த சபை மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளை, பிறகு தன் தந்தையைப் பார்க்கவே இல்லை. 1929-இல் மலைக்காய்ச்சலின் கொடிய வகை ஒன்றால் தந்தை மலையிலேயே இறந்துபோனார். மகனோ அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வதற்குக் காரணம் அவர்களுடைய சதையே கெட்டுப்போவதுதான் என்று அந்நாளில் மருத்துவர்கள்கூட நம்பினார்கள். டாக்டர் பிராண்ட் பொறுமையாகக் கவனித்தார். சதை கெடவில்லை, வலி உணர்ச்சிதான் செத்திருந்தது. வலி தெரியாதவன் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கிறான். ஆணி ஏறிய காலோடு நடக்கிறான். துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் ஒரே திருகில் திறந்தானாம். எல்லாரும் வியந்தார்கள். பார்த்தால், விரல் சதை எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது சிலருடைய விரல்களை எலி கடித்துவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள் என்பது வேலூரில் வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்லும் கதை.

இவற்றைவிட என் மனத்தில் தைத்தது இன்னொன்று. அந்த நோயாளிகள் தங்கள் கை கால்களைத் தம்முடையவையாகவே எண்ணவில்லை, ஏதோ ஒட்டவைத்த கருவிகள்போலப் பேசினார்கள் என்று டாக்டர் பிராண்ட் எழுதியிருக்கிறார். உணர்ச்சி போனால் உரிமையும் போய்விடுகிறது. உரிமை போன இடத்தில் அக்கறை எங்கிருந்து வரும்? தொழுநோய்க்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும்.

ஆனால் நரம்பு நன்றாக இருந்தும் உடம்பை உணராமல் வாழ்கிறவர்கள் உண்டு. நம் பேட்டையில் மூட்டை தூக்கும் அண்ணன்மாரைப் பாருங்கள். சும்மாட்டைத் தலையில் வைத்துவிட்டால் கழுத்தை மறந்துவிட வேண்டும். மறக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. கொலுசுப் பட்டறையில் குனிந்து பற்றவைக்கிற தம்பிக்கு முதுகு என்று ஒன்று இருப்பது இரவில் படுத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. நம் தாய்மார்களோ எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, தனக்குப் பசித்ததா இல்லையா என்பதே தெரியாமல் பாத்திரம் கழுவப் போகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்காக மறப்பது ஒருவகை. துக்கத்தாலும் அச்சத்தாலும் மறப்பது இன்னொருவகை. அதுதான் ஆபத்தானது.

நம் தமிழ் இதை நன்றாக அறிந்த மொழி. பிள்ளையைக் காணோம் என்றால் ஈரக்குலை நடுங்குகிறது. கெட்ட சேதி வந்தால் கை கால் ஓடவில்லை. அநியாயத்தைக் கண்டால் வயிறு எரிகிறது. சொல்ல முடியாத துக்கம் தொண்டையை அடைக்கிறது. இவையெல்லாம் வெறும் அலங்காரப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். புறநோயாளிகள் வரிசையில் முப்பத்தொரு ஆண்டுகள் நின்றவள் சொல்கிறேன்: "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அபூர்வம். "உடம்பெல்லாம் வலி, நெஞ்சு கனக்குது, மூச்சு முட்டுது" என்றுதான் வருவார்கள். பரிசோதனையில் ஒன்றும் இராது. "ஒன்றுமில்லை, போங்கம்மா" என்று அனுப்பிவிடுவோம். நானும் அப்படி அனுப்பியவள்தான்.

மேல்நாட்டில் இதற்கென ஒரு சிகிச்சை முறை வளர்ந்தது. பாடி சைக்கோதெரபி என்பார்கள். உடல்வழி உளச்சிகிச்சை என்று நாம் சொல்லலாம். வியன்னாவில் பிராய்டின் சீடராக இருந்த வில்ஹெல்ம் ரைக் 1930-களில், மனிதன் தாங்கமுடியாத உணர்ச்சிகளைத் தசைகளை இறுக்கியே அடக்கிக்கொள்கிறான், அந்த இறுக்கம் போர்வீரனின் கவசம்போல உடம்பில் நின்றுவிடுகிறது என்றார். பிற்காலத்தில் அவர் விபரீதமான கொள்கைகளில் இறங்கி, நீதிமன்றத் தடையை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்டு, 1957-இல் அமெரிக்கச் சிறையிலேயே இறந்தார். எனவே அவர் சொன்னதையெல்லாம் நான் சுமக்க மாட்டேன். கவசம் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இது அந்நியச் சரக்கு, நமக்கு ஒத்துவருமா என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு போய்க் கடற்கரையில் நின்ற யாத்ரீகர்களை அலை வாரிக்கொண்டு போனதை நாம் யாரும் மறக்க முடியாது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பலர் பிறகு கடல் பக்கம் திரும்பவே அஞ்சினார்கள். தூக்கமில்லை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடல், காரணம் தெரியாத வலிகள். ராஜா செல்வம் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அந்தக் கிராமங்களுக்கு வந்து, பீட்டர் லெவின் என்ற அமெரிக்கர் வகுத்த உடல்வழி முறையைக் கையாண்டார்கள்.

அவர்கள் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லு என்று வற்புறுத்தவில்லை. இப்போது உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். நெஞ்சில் இறுக்கமா? சரி, இறுக்கம் இல்லாத இடம் ஏதாவது உண்டா? பாதம் தரையில் படுவது தெரிகிறதா? கவனத்தை அங்கே சற்று நிறுத்தி, பிறகு மெல்ல நெஞ்சுக்கு வந்து, தாங்காவிட்டால் மறுபடியும் பாதத்துக்குப் போவது. நீச்சல் தெரியாத பிள்ளையைக் கரையோரமாகவே இறக்கி ஏற்றுவது மாதிரி. சிலருக்கு நடுக்கம் வரும், சிலருக்குக் கொட்டாவி, சிலருக்கு அழுகை. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் உறைந்துபோன உடம்பு இளகுவதன் அடையாளம் அது என்பது லெவினின் விளக்கம். 150 பேரிடம் நடத்திய ஆய்வை 2008-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஒரே ஒரு அமர்வு. எட்டு மாதம் கழித்தும் பெரும்பாலோர் தங்களுக்கு நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளக்கூடாது. காலமும் சேர்ந்து ஆற்றியிருக்கலாம். ஆனாலும் நம் மீனவர் குடும்பங்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை என்பது எனக்கு முக்கியம்.

நம் திருச்சபைக்கும் இது புதிதன்று. மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பரலோக மந்திரத்தைச் செபிக்கும் முறையைப் புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில் கற்பித்தார். அவருடைய சபையைச் சேர்ந்த, பம்பாயில் பிறந்த அந்தோனி தெ மெல்லோ அடிகளார், 1978-இல் வெளிவந்த 'சாதனா' நூலில் செபத்துக்கு முதற்படியாகவே உடம்பை உணரும் பயிற்சிகளை வைத்தார். அவருடைய நூல்களைப் பற்றி 1998-இல் ரோமையிலிருந்து எச்சரிக்கை வந்தது உண்மை. கடவுளையும் கிறிஸ்துவையும் பற்றிய கருத்துகளைக் குறித்தது அது. ஆரம்ப நூல்களில் தன்னடக்கத்துக்கு உதவும் கீழைநாட்டு ஞானம் உண்டு என்றும் அதுவே சொல்கிறது.

இப்போது ஒரு நிமிடம், உட்கார்ந்த இடத்திலேயே செய்து பாருங்கள். செருப்பைக் கழற்றுங்கள். உள்ளங்கால் தரையைத் தொடுவது தெரிகிறதா? முதுகு நாற்காலியில் எங்கே படுகிறது? தோளின் மேல் சேலையோ சட்டையோ கிடப்பது? கை ஒன்றை ஒன்று தொடுவது? எதையும் மாற்ற வேண்டாம். தெரிந்தால் போதும்... அந்தப் பின் வரிசையில் ஒரு பெரியவர் தூங்கிவிட்டார். அவர்தான் முதல் மாணாக்கர், எழுப்பாதீர்கள்.

இதையெல்லாம் நான் புத்தகம் படித்து மட்டும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடமாகிறது. அடக்கத்துக்கு வந்தவர்களைக் கவனித்தேன், பிள்ளைகளைத் தேற்றினேன், முப்பதாம் நாள் பூசை வைத்தேன், வேலைக்குத் திரும்பினேன். அழவில்லை. "எவ்வளவு தைரியம்" என்று பாராட்டினீர்கள். மூன்று மாதத்தில் இடது தோள் பூட்டிக்கொண்டது. தலை வாரக் கை தூக்க முடியவில்லை. ஓர் இடத்தில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் மனசுதாம்மா" என்றார்கள். நான் மற்றவர்களிடம் சொன்ன அதே சொல் எனக்கே திரும்பி வந்தது.

பிறகு ஒரு தியானத்தின்போது, ஆற்றுப்படுத்தும் பணியில் இருந்த வயதான கன்னியர் ஒருவர் என் எதிரே உட்கார்ந்து, "அந்தத் தோள் இப்போது எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். வலிக்கிறது என்றேன். "வலி என்பது பெயர். எப்படி இருக்கிறது?" கனமாக இருக்கிறது என்றேன். எவ்வளவு கனம்? அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று இரவு ஆட்டோவில் போகும்போது அவர் தலை என் இடது தோளில்தான் சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோதும் அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தேன். அசைந்தால் போய்விடுவார் என்று தோன்றியது போலும். அன்றுதான் நான் அழுதேன்.

அற்புதம் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். எனக்குச் சர்க்கரையும் உண்டு. சர்க்கரைக்காரர்களுக்கு இப்படித் தோள் இறுகுவது சகஜம். தினமும் சுவரில் விரலை ஏற்றி இறக்கும் பயிற்சி செய்து, கை முழுதாக மேலே போக எட்டு மாதம் ஆயிற்று. ஆனால் அதுவரை நான் அந்தத் தோளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எண்ணெய் தேய்க்கும்போது அதனிடம் கோபம் வரவில்லை.

ஒரு வார்த்தை எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நெஞ்சு வலித்தால் தியானத்தில் உட்காராதீர்கள், முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வருகிறவர்களுக்கும், பல நாள் தூக்கம் கெட்டவர்களுக்கும் மனநல மருத்துவரும் மருந்தும் தேவை. உடம்பைத் தொட்டுச் சிகிச்சை செய்கிறேன் என்று தெரியாதவர் யாராவது வந்தால் விலகி நில்லுங்கள். நல்ல ஆற்றுப்படுத்துநர் உங்கள் சம்மதம் இல்லாமல் கையைக்கூடத் தொடமாட்டார்.

நம் பங்கில் இந்த ஆண்டு எத்தனையோ வீடுகளில் துக்கம் நடந்திருக்கிறது. அங்கே போகும்போது "அழாதே, தைரியமாயிரு" என்று சொல்லும் வழக்கத்தை இந்த ஜூபிலியோடு விட்டுவிட்டால் என்ன? பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், காத்திருங்கள்.

மறைக்கல்விப் பிள்ளைகள் நாடக வேஷத்தோடு வெளியே நிற்கிறார்கள், மீசை வியர்வையில் கரைகிறதாம்.  அந்தப் பெரியவரை இப்போது எழுப்பலாம்.