தேறாதது பிள்ளையா, பள்ளிக்கூடமா?

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வையும் விட்டு இத்தனை தாய்மார்கள் வந்திருக்கிறீர்கள். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்து, தாராவியில் தோல் பதனிட்டவர்களின் வழிவந்தவர்கள் நம்மில் பலர். நம் கை பட்ட பாடு நம் பிள்ளையின் கை படக்கூடாது என்பதே அவர்கள் ஆசை; நம் ஆசையும் அதுதான். அந்த ஆசையை நம்பித்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம். பள்ளிக்கூடம் அதற்கு என்ன கைம்மாறு செய்கிறது?

கட்டடம் இருக்கிறது, மணி அடிக்கிறது, புத்தகம் கிடைக்கிறது. ஆனால் பாடம் நாள்காட்டியைப் பார்த்து நடக்கிறது. பிள்ளையைப் பார்த்து நடப்பதில்லை. ஜூலையில் கழித்தல் புரியாத பிள்ளைக்கு ஆகஸ்டில் வகுத்தல் வந்துவிடுகிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பவனும், டியூஷனுக்குப் பணம் இருப்பவனும் பிழைத்துக்கொள்கிறான். மற்றவனுக்கு 'மக்கு' என்ற பட்டம்!

2024ஆம் ஆண்டு 'அசர்' ஆய்வு நாட்டின் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்டது. 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரால் 2ஆம் வகுப்புப் பாடத்தைக்கூடப் படிக்க முடியவில்லை என்று அது காட்டியது. பானையில் பாதிச் சோறு வேகவில்லை என்றால் அரிசியையா திட்டுவோம்? அடுப்பை அல்லவா பார்ப்போம்!

நம் பிள்ளைகளுக்கு மொழிச் சுமையும் சேர்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இலேயே அரசியல் சட்டத்தில் 350 அ பிரிவு சேர்க்கப்பட்டது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட 8 மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் தமிழில் தொடங்கிய பிள்ளை நடுவழியில் வேறு மொழி வகுப்புக்கு மாற நேர்ந்தால், அந்த மாற்றத்துக்கு அவனைத் தயார் செய்வது யார்?

நம் தவற்றையும் சொல்லிக்கொள்வோம். கடன் வாங்கி ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிறோம். பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைக் கேட்டுப் பூரித்துப்போகிறோம். பொருள் தெரியுமா என்று கேட்கிறோமா? ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். மராத்தி இல்லாமல் இந்த மண்ணில் மரியாதையோடு வாழவும் முடியாது. தெரிந்த மொழியில் சிந்திக்கக் கற்ற பிள்ளை மற்ற மொழிகளையும் பிடித்துக்கொள்வான் என்பதே நம் வாதம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொன்னது. 8ஆம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது. பின்தங்கிய பிள்ளைக்கு ஆசிரியர் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். முதலாவது எளிது, நடந்தது. இரண்டாவதற்கு ஆளும் நேரமும் வேண்டும். பல இடங்களில் அது ஏட்டோடு நின்றது. பிறகு, 'பிள்ளைகள் படிக்கவில்லை' என்று சொல்லி 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 5, 8ஆம் வகுப்புகளில் தேறாதவர்களுக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் நிறுத்திவைக்க அரசுகளுக்கு வழி திறந்தது. கற்பிக்காதவருக்குத் தண்டனை இல்லை, கற்காதவனுக்கு உண்டு! ஒரு வருடம் நிறுத்தப்பட்ட கூலிக்காரன் பிள்ளை மறு வருடம் பள்ளிக்கு வருவானா, பட்டறைக்குப் போவானா? நமக்கே தெரியும்.

தோழர்களே, புலம்பிவிட்டுக் கலைந்துபோக நாம் கூடவில்லை. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு நம் கையில் ஓர் ஆயுதம் தந்திருக்கிறது. அரசு, மாநகராட்சிப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது அந்தக் குழுவின் கடமை. அதில் நம் தாய்மார்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்? கூட்டத்தில் வாய் திறந்து கேட்டிருக்கிறோமா, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோமா?

இந்த ஆண்டு மூன்று காரியம் செய்வோம். குழுவுக்கு நம்மவர் பெயரைக் கொடுப்போம். 'என் பிள்ளை எத்தனை மார்க்?' என்பதை விட்டு, 'எதைப் படிக்கத் தெரியும், எது தெரியவில்லை, அதற்கு என்ன செய்கிறீர்கள்?' என்று ஆசிரியரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேட்போம். மாலையில் இதே கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவோம். படித்த இளைஞர்கள் வாரத்தில் இரண்டு மணி நேரம் தரட்டும்.

பள்ளிக்கூடம் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் சொந்தம். அவன் தேறும் நாளில்தான் பள்ளிக்கூடமும் தேறியது என்போம்.