புரட்டாசியின் ஈரம்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்றும் வகுத்தனர். கார் முடிந்து கூதிர் தொடங்கவிருக்கும் புரட்டாசிப் பிற்பாதியில், காவிரிப் படுகையில் ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் ஒரே சமயத்தில் இரண்டு பயிர்களுக்கு உழைக்கிறது. அவற்றுள் ஒன்று, ஆனி ஆடியில் நடவாகி, விதைத்த நாளிலிருந்து ஏறத்தாழ 110 நாட்களில் அறுவடைக்கு வரும் குறுவை. மற்றொன்று, குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது அதே வயலில் நடப்படும் தாளடி.

குறுவைக் கதிர் முற்றிக்கொண்டிருக்கும்போதே, ஏக்கருக்கு 8 சென்ட் என்ற கணக்கில் வயலின் ஒரு மூலையில் தாளடிக்கு நாற்றங்கால் விடப்படுகிறது. ஆடுதுறை 46 போன்ற, 135 நாள் வயதுடைய நெல்லின் நாற்றை 25 முதல் 30 நாட்களுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். நாற்று முற்றினால் தூர் கட்டுவது, அதாவது பக்கத் தண்டுகள் வெடித்துக் கிளைப்பது, குறைந்துவிடும். எனவே அறுவடை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் நடவு தவறுகிறது. அக்டோபர் 20-ஐ ஒட்டி வழக்கமாகத் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் நாற்று வேர் பிடிக்காவிட்டால், தேங்கும் நீரில் இளம்பயிர் அழுகிப்போகும்.

இந்நாட்களில் குடும்பத்தின் கவலை முழுவதும் ஈரத்தைப் பற்றியதே. விடியுமுன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிப் பால் கறந்தபின், பெண்கள் களத்திலோ சாலையோரத்திலோ கிடக்கும் நெல்லின் மேல் மூடிய படுதாவை விலக்கிப் பரப்பிவிட்டு, வெயில் ஏற ஏறக் காலால் அளைந்து கிளறிவிடுகின்றனர். ஆண்கள் அண்டை வெட்டி வரப்பைச் சீராக்கி, சேடைக்கு, அதாவது நீர் நிறுத்திச் சேறாக உழுவதற்கு, வயலை ஆயத்தப்படுத்துகின்றனர். மாலையில் மேற்கே இடி கேட்டால் எல்லா வேலையும் நிற்கிறது. பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகள் உட்பட அனைவரும் நெல்லைக் குவித்து மூட ஓடுகின்றனர். வைக்கோல் நனைந்து கறுத்தால் மாடு முகர்ந்துவிட்டு விலகிவிடும் என்பதால் அதையும் காக்க வேண்டும்.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகாத நெல்லை வாங்குவதே பொது விதி. சில பருவங்களில் அது தளர்த்தப்பட்டதும் உண்டு. ஈரம் மிகுந்த நெல் குவியலில் சூடேறிப் பழுப்பதும் முளைப்பதும் பூசணம் பிடிப்பதும் உண்மையாதலால், அவ்விதியின் நோக்கத்தைக் குறை கூற இயலாது. ஆனால் மழைக்காலத்தில் அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் ஈரம் பெரும்பாலும் 20 விழுக்காட்டைக் கடந்தே இருக்கும். 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17-க்குக் கொண்டுவருவதென்றால், அதிலிருந்து ஏறத்தாழ 6 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும்; மழை மேகத்தின் கீழ் வெயிலை மட்டுமே நம்பி அதைச் செய்யும் பொறுப்பு, உலர்களமோ கிடங்கோ இல்லாத குடும்பத்தின் தலையில் விழுகிறது. அதற்கான கூலியும் நேரமும் நெல்லின் விலையில் தனியாகக் கணக்கிடப்படுவதில்லை.

2022 முதல் கொள்முதல் பருவம் அக்டோபருக்குப் பதிலாகச் செப்டம்பர் 1-இலேயே தொடங்கிவருவது குறுவை விவசாயிக்கு மெய்யான உதவி. அதற்கு இணையாகக் கூரையிட்ட உலர்களமும் நெல் உலர்த்தும் இயந்திரமும் ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தை ஒட்டியும் அமைந்தாலன்றி, தாளடி நடவுக்குச் செல்ல வேண்டிய கைகள் நெல் குவியலின் காவலுக்கே கட்டுண்டு கிடக்கும். அதுவரை, புரட்டாசி மாதத்தில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைச் சாலைகளில் வாகனம் ஓட்டிச் செல்லும் நேயர்கள், பாதி வழியை அடைத்துப் பரப்பிய நெல்லைக் கண்டால், சினம் கொள்ளாமல் வேகத்தைக் குறைத்து, அதன் மேல் ஏற்றாமல் ஒதுங்கிச் செல்ல வேண்டுகிறோம்.