பொதுச் சுவரும் நம் பெயரும்



ஊருக்குப் பொதுவான இடத்தில் உள்ள கலைப்பொருள் யாருக்கு உரியது? எல்லோருக்கும் உரியது என்று எளிதில் கூறிவிடலாம். எல்லோருக்கும் உரிய பொருளைக் காக்க வேண்டியவர் யார்? இந்த இரண்டாவது வினாவுக்கு விடை கூறுவது அத்துணை எளிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைக் கொண்டே இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

தஞ்சை மக்கள் மாலை வேளையில் வந்து அமர்ந்து இளைப்பாறும் பெருமுற்றம் அக்கோயிலுடையது. வழிபட வருவோரும், கலை காண வருவோரும், காற்று வாங்க வருவோரும் அங்கே ஒருங்கு கூடுகின்றனர். 1010-ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் எழுப்பி முடித்த அக்கோயிலின் சுவர்களில் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. தான் அளித்த கொடைகளை மட்டும் அம்மன்னன் பொறிக்கச் செய்தானல்லன். தன் தமக்கை குந்தவையும், தேவியரும், பிறரும் அளித்தவற்றையும் பொறிக்கச் செய்தான். ஆடற்பணிக்கென வந்த 400 மகளிரின் பெயர்களை அங்கே படிக்கலாம். அவரவர் எத்தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார், ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்னும் செய்திகளையும் படிக்கலாம். குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரும் அங்கு உண்டு. கொடுத்தவரும் உழைத்தவரும் பெயர் பெற்ற சுவர் அது.

இனி, உள்ளே செல்வோம். கருவறையைச் சூழ, இரு சுவர்களுக்கு நடுவே, இருண்ட சுற்றுப்பாதை ஒன்று உள்ளது. அதன் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்களே கண்ணுக்குத் தெரிந்தன. 1931-ஆம் ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வரலாற்று அறிஞர் எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறோர் ஓவியம் இருக்கக் கண்டார். அது சோழர் கால ஓவியம். வெள்ளை யானைமீது கயிலை செல்லும் சுந்தரர், குதிரைமீது விரையும் சேரமான் பெருமாள், முப்புரம் எரிக்கத் தேரேறி நிற்கும் சிவபெருமான் என்று அரிய காட்சிகள் பல வெளிப்பட்டன. பின்னாளில் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களைப் பூச்சோடு பெயர்த்துப் பலகைகளில் பதித்து, இரு காலத்துக் கலையையும் காத்தனர்.

ஆயினும், அப்பாதையில் எல்லோரும் விரும்பியபோது சென்றுவிட இயலாது. கோயிலிலுள்ள காட்சிக்கூடத்தில் அவ்வோவியங்களின் படங்களைத்தான் நாம் காண்கிறோம். பொதுச் செல்வத்தைப் பொதுமக்களுக்கே மறைப்பது முறையா என்று நீங்கள் கேட்கலாம். அது நேரிய கேள்விதான். இதற்கு விடை காணப் பிரான்சு நாட்டு அனுபவம் ஒன்று உதவும். அங்கே லாஸ்கோ என்னுமிடத்தில், கற்கால ஓவியங்கள் நிறைந்த குகை ஒன்றை 1940-இல் உங்களை ஒத்த இளைஞர் சிலர் கண்டனர். 1948-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. திரள்திரளாக வந்தோரின் மூச்சுக்காற்றே சுவரில் பாசி படரக் காரணமாயிற்று. 1963-இல் குகையை மூடினர். 1983-இல் அதுபோன்ற படிவம் ஒன்றைச் செய்து மக்களுக்குக் காட்டினர். அன்போடு காண வந்தவர்களின் மூச்சே அத்துணைத் தீங்கு செய்யுமாயின், இடுக்கமான நம் சுற்றுப்பாதைக்கு எச்சரிக்கை வேண்டாமா?

மூச்சினால் வரும் தீங்கு, அறியாது செய்யும் தீங்கு. அறிந்தே செய்யும் தீங்கும் ஒன்று உண்டு. பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையில், வரிசையாக அமைந்த சிவலிங்கங்களுக்குப் பின்னுள்ள சுவரில் பிற்காலத்து ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் சிலவற்றின்மேல் ஆணியாலோ கல்லாலோ கீறிய பெயர்களைக் காணலாம். கீறியவர்களுள் பலர் கல்வி பயின்றவர்களே. எழுத்தறியாதவர் தம் பெயரை எழுதிவைக்க இயலாதன்றோ?

அதே கோயிலில் ஆயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கும் பெயர்கள் கோயிலுக்கு ஏதேனும் அளித்தவர்களின் பெயர்கள். இக்கீறல்களோ, அங்கிருந்ததில் ஒரு பகுதியை அழித்தவர்களின் பெயர்கள். பிற்காலத்தார் இரண்டையும் படிப்பார்கள்.

மூடிய அறைக்குப் பூட்டு உண்டு, காவலர் உண்டு. திறந்த முற்றத்துக்கும், நீண்ட திருச்சுற்றுக்கும் வருவோரின் தன்னடக்கமே காவல். அக்காவல் தளருமாயின், ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகளை அடைக்க நேரும். நம் பிள்ளைகள் படங்களை மட்டுமே காண்பார்கள்.

ஆகவே, அடுத்த முறை நீங்கள் பெரிய கோயிலுக்குச் செல்லும்போது ஒரு கல்வெட்டின் முன் சற்றே நின்று, அதில் யார் பெயர் உள்ளது என்று கேட்டறியுங்கள். உடன் வரும் தோழர் ஆணியோடு சுவரை நெருங்கினால், அன்போடு கையைப் பற்றித் தடுங்கள். உங்கள் பெயர் எச்சுவரிலும் இராது. எனினும், அச்சுவர் நிலைத்திருக்க நீங்களும் ஒன்று கொடுத்தவர் ஆவீர்கள்.